பித்தம் என்ற பெயரில் ஒரு தலைவலி

வாந்தியோடு வரும் ஒற்றைத் தலைவலியை வயிற்றுக் கோளாறு என்று நம்பி வருடங்களை இழக்கிறார்கள் சித்தூர், திருப்பதிப் பெண்கள். மருந்து இருக்கிறது. அது வேளை தவறிப் போய்ச் சேருகிறது.

புரட்டாசிச் சனிக்கிழமை. விடிகாலை நாலரை மணிக்குச் சித்தூர் பேருந்து நிலையத்தில் திருப்பதி வண்டிக்கு இடம் பிடிக்கும் கூட்டத்தில் 34 வயதுப் பள்ளி ஆசிரியை ஒருவர் நிற்கிறார். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு என்று வளர்ந்தவர். மூன்று மணிக்கே எழுந்து வெந்நீரில் தலைக்குக் குளித்து, ஈரம் காயாத கூந்தலை முடிந்துகொண்டு வந்திருக்கிறார். விரதம் என்பதால் காப்பிகூடக் குடிக்கவில்லை. மாமியார் அவருடைய கைப்பையில் இரண்டு எலுமிச்சம்பழங்களையும் நாலைந்து பிளாஸ்டிக் உறைகளையும் வைத்திருக்கிறார். மருமகளுக்கு மலைப் பயணம் ஒத்துக்கொள்ளாது என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

சந்திரகிரி வருவதற்குள் அடக்க முடியாமல் கொட்டாவி வருகிறது. கோட்டையைத் தாண்டும்போது இடது நெற்றிப் பொட்டில் துடிப்பு ஆரம்பிக்கிறது. அலிபிரியில் மலை வண்டிக்கு மாறி, நாலாவது வளைவில் முதல் வாந்தி. முன் இருக்கையில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்து, "ஏம்மா, பித்தமா?" என்று பரிவோடு கேட்கிறார். திருமலையில் மற்றவர்கள் தரிசன வரிசைக்குப் போக, அவர் அறையில் விளக்கை அணைத்துவிட்டு, ஈரத்துணியை நெற்றியில் கட்டிக்கொண்டு கிடக்கிறார். தண்ணீர் குடித்தாலும் திரும்ப வருகிறது. மாலையில் மஞ்சளாக, கசப்பாக நீர் வருகிறது. பித்தம் வெளியேறிவிட்டது, இனி சரியாகிவிடும் என்று மாமியாருக்கு நிம்மதி. இரவு தூங்கி எழுந்ததும் உண்மையிலேயே சரியாகிவிடுகிறது. பதினான்கு வருடங்களாக இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. மலைக்கு வரும்போது மட்டுமல்ல, மாதத்துக்கு மூன்று நான்கு முறை.

அவருக்கு இருந்தது மைக்ரேன், அதாவது ஒற்றைத் தலைவலி. அதை அந்தப் பெயர் சொல்லி அழைக்க ஆள் கிடைக்கத்தான் பதினான்கு வருடங்கள் ஆயின.

தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்த வட்டாரத்தில் தலை வலித்து வாந்தி வந்தால் இரண்டு மொழிக்காரர்களும் குற்றம் சாட்டுவது பித்தத்தைத்தான். தமிழர்கள் பித்தம் தலைக்கேறிவிட்டது என்பார்கள். தெலுங்கர்கள் பைத்யம் என்பார்கள். தெலுங்கில் அது பித்தக் கோளாறு. அதே சொல் தமிழுக்குள் வரும்போது புத்தி பேதலிப்பாகிவிடுகிறது. தலைவலிக்காரப் பெண்ணை வீட்டார் பார்க்கும் பார்வையிலும் சில சமயம் இந்த இரண்டு அர்த்தங்களும் கலந்துவிடுவதுண்டு.

பித்தத்தைக் குற்றம் சொன்னதில் நம்மவர்கள் மட்டும் தனியாக இல்லை. ஐரோப்பாவிலும் 19ஆம் நூற்றாண்டில் இது பித்தத் தலைவலி என்றும் வாந்தித் தலைவலி என்றும்தான் அழைக்கப்பட்டது. ஈரலையும் வயிற்றையும் சுத்தம் செய்வதே சிகிச்சையாக இருந்தது. எட்வர்ட் லிவீங் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1873ல் வெளியிட்ட பெரிய நூலில், இது வயிற்றில் பிறப்பதல்ல, நரம்பு மண்டலத்தில் அடிக்கும் புயல் என்று வாதிட்டார். ஆயுர்வேதம் இந்த நோயைப் பாதித் தலையைப் பிளப்பது என்ற பொருளில் அர்த்தாவபேதகம் என்று தலை நோய்களின் வரிசையில் வைத்திருந்தது. மைக்ரேன் என்ற சொல்லும் பாதி மண்டை என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆனால் ஒற்றைத் தலைவலி என்ற பெயராலும் ஒரு சிக்கல் உண்டு. பலருக்கு இரண்டு பக்கமும் வலிக்கிறது. அவர்கள் தங்களுக்கு இருப்பது ஒற்றைத் தலைவலி அல்ல என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சர்வதேசத் தலைவலிச் சங்கம் வகுத்துள்ள இலக்கணத்தில் பக்கம் ஒரு அடையாளம் மட்டுமே. ஒருபக்க வலி, துடிப்பான வலி, வேலையைக் கெடுக்கும் அளவு கடுமை, படியேறினால் அதிகமாவது ஆகிய நான்கில் இரண்டு இருக்க வேண்டும். கூடவே குமட்டலோ வாந்தியோ இருக்க வேண்டும். அல்லது வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாமல் இருக்க வேண்டும். மருந்து சாப்பிடாவிட்டால் 4 மணியிலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கும். இப்படி ஐந்து முறையாவது வந்திருந்து, வேறு காரணம் இல்லையென்றால் அது மைக்ரேன். ரத்தப் பரிசோதனையோ படமோ இதை நிரூபிக்காது. நோயாளி சொல்வதைப் பத்து நிமிஷம் பொறுமையாகக் கேட்டால் போதும். கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவுகளில் அந்தப் பத்து நிமிஷம்தான் கிடைப்பதில்லை.

வயிறு கடையை மூடிவிடுகிறது

அப்படியானால் அந்த மஞ்சள் நீர்? பித்தம்தான். ஆனால் அது காரணமல்ல, விளைவு. முகத்துக்கும் மூளை உறைகளுக்கும் உணர்வைக் கொண்டுசெல்லும் முக்கிளை நரம்பு கிளர்ச்சியடையும்போது சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத்துணுக்கு வெளிப்பட்டு, ரத்தக் குழாய்கள் விரிந்து, வலிச் செய்தி மூளைத் தண்டுக்குப் போகிறது. வாந்தியை ஆட்டி வைக்கும் மையங்களும் அந்தத் தண்டில் பக்கத்திலேயே இருக்கின்றன. அவையும் விழித்துக்கொள்கின்றன. உள்ளே இருந்த உணவெல்லாம் வெளியேறிய பிறகும் குமட்டல் நிற்காததால், காலி வயிற்றுக்குள் சிறுகுடலிலிருந்து பித்தநீர் மேலேறி வருகிறது. யார் காலி வயிற்றில் நாலைந்து முறை வாந்தி எடுத்தாலும் கடைசியில் மஞ்சளாகத்தான் வரும். அதைக் கண்ணால் பார்த்த பிறகு, தலையில்தான் கோளாறு என்று சொல்பவரை யார் நம்புவார்கள்?

வாந்திக்கு முன்பே இன்னொன்று நடக்கிறது. வயிறு வேலையை நிறுத்திவிடுகிறது. இரைப்பையில் இருப்பது குடலுக்கு இறங்குவதில்லை, மாத்திரையும் இறங்குவதில்லை. பிரிட்டனில் 1974ல் வெளியான ஓர் ஆய்வு, மைக்ரேன் தாக்கும் நேரத்தில் கொடுத்த ஆஸ்பிரின் மற்ற நாட்களைவிட மெதுவாகவே ரத்தத்தில் சேருவதைக் காட்டியது. வயிற்றை இயக்கிக் குமட்டலை அடக்கும் மெட்டோகுளோப்ரமைடைச் சேர்த்துக் கொடுத்தபோது நிலைமை மேம்பட்டதை அதற்கடுத்த ஆய்வு காட்டியது. அரை நூற்றாண்டு பழைய விஷயம். ஆனால் இன்றும் பெரும்பாலான வீடுகளில் நடப்பது நேர்மாறானது. வலி வந்ததும் பொறுத்துப் பார்க்கிறார்கள். மாத்திரை உடம்புக்கு ஆகாது என்று சமையலை முடிக்கிறார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். தாங்க முடியாமல் போனதும், அதாவது வயிறு நின்றுபோன பிறகு, மாத்திரையை விழுங்குகிறார்கள். அரைமணியில் அது வெளியே வந்து விழுகிறது. தனக்கு எந்த மாத்திரையும் கேட்பதில்லை என்ற முடிவுக்கு வருகிறார்கள்.

பாட்டில் ஏற்றும் வைத்தியம்

அடுத்த கட்டம் ஊசி. ஆந்திர கிராமங்களில் ஆர்.எம்.பி. என்று அழைக்கப்படுபவர், பெயரில் இருக்கும் எழுத்துக்களுக்குரிய பட்டம் இல்லாமலே முதல் வைத்தியராக இருப்பவர், வயிற்றுப் புண்ணுக்கு ஓர் ஊசியும் வலிக்கு ஓர் ஊசியும் போட்டு ஒரு குளுகோஸ் பாட்டில் ஏற்றுகிறார். நோயாளி தூங்கி எழுந்தால் வலி குறைந்திருக்கும். பாட்டிலின் மகிமை ஊரில் பரவுகிறது. வாந்தியால் வற்றிய உடம்புக்கு நீர் ஏற்றுவது தப்பல்ல; தசையில் போட்ட வலி ஊசி வயிற்றைத் தாண்டிப் போவதால் வேலையும் செய்கிறது. ஆனால் அடுத்த வாரம் ஏன் மறுபடி வருகிறது என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை.

பள்ளி ஆசிரியை சித்தூரில் பார்த்தவர்களின் பட்டியல் நீளமானது. கண் மருத்துவர் கண்ணாடி கொடுத்தார். வயிற்று மருத்துவர் எண்டோஸ்கோப்பி எடுத்தார். காது மூக்கு தொண்டை நிபுணர் சைனஸ் என்றார். கல்யாணமான புதிதில் வாந்தி வந்தபோது வீடே சந்தோஷப்பட்டது. அப்படி இல்லை என்று தெரிந்ததும் ஏற்பட்ட ஏமாற்றத்துக்கும் அவர்தான் பொறுப்பாளியாக்கப்பட்டார். உறவுக்காரர் ஒருவர் திருஷ்டி கழித்தார். இடையிடையே சுக்குப் பற்று, நொச்சியிலைத் தலையணை, தலைவலித் தைலம்.

சைனஸ் என்ற தீர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 2004ல் வெளியான ஆய்வு ஒன்று, தாங்களோ மருத்துவரோ சைனஸ் தலைவலி என்று முடிவு செய்திருந்த 2,991 பேரைப் பரிசோதித்தது. அவர்களில் 88 சதவீதத்தினருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. மைக்ரேன் வரும்போது மூக்கு ஒழுகுவதும் கண்ணில் நீர் வருவதும் சகஜம்.

தைலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தெலுங்கு நாட்டுக்கும் தலைவலிக்கும் உள்ள உறவில் ஒரு கௌரவமான அத்தியாயம் அது. ஆந்திர பத்திரிகாவை நடத்திய காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893ல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சன், இன்றும் தென்னிந்திய அலமாரிகளில் இருக்கிறது. சாதாரணத் தலைவலிக்கு அது இதமாக இருக்கும். ஆனால் மைக்ரேன் நேரத்தில் சிலருக்கு எந்த நெடியும் ஆகாது. அகர்பத்தி, மல்லிகைப்பூ, தாளிக்கும் வாசனை எல்லாமே வயிற்றைப் புரட்டும். நல்லெண்ணத்தோடு தேய்க்கப்படும் தைலமும் அவர்களைப் பொறுத்தவரை இன்னொரு தண்டனை.

வட்டாரத்தில் மருத்துவ வசதிக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. திருப்பதியில் ரூயா அரசு மருத்துவமனை இருக்கிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் 1993ல் செயல்படத் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகத்தில் நரம்பியல் துறை இருக்கிறது. சித்தூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் வேலூர் சி.எம்.சி.; 1949ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கிய இடம். தலைவலிக்காக அவ்வளவு பெரிய மருத்துவமனைக்கா என்ற தயக்கம்தான் தடை. 2022ல் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. தயக்கம் இரண்டு பக்கமும் ஒரே அளவில்தான் இருக்கிறது.

எத்தனை பேருக்கு இந்த நோய்? சித்தூருக்கு அடுத்த வீடான கர்நாடகத்தில், பெங்களூர் நிம்ஹான்ஸ் நிபுணர்கள் நகரத்திலும் கிராமங்களிலும் வீடு வீடாகச் சென்று 18 முதல் 65 வயது வரையிலான 2,329 பேரிடம் நடத்திய ஆய்வு 2015ல் வெளியானது. ஒரு வருடத்தில் மைக்ரேன் வந்தவர்கள் 25.2 சதவீதம். நாலு பேரில் ஒருவர். பெண்களிடம் அதிகம். உலக அளவில், மனிதர்களை முடக்கிப்போடும் நோய்களின் கணக்கில் இளம் பெண்களிடையே மைக்ரேனுக்குத்தான் முதலிடம் என்கின்றன உலக நோய்ச் சுமை ஆய்வுகள். உயிரைக் கொல்லாத நோய் என்பதால் அது செய்திகளில் வருவதில்லை.

விரதமும் வெந்நீரும்

அந்தப் புரட்டாசிச் சனிக்கிழமையைத் திரும்பப் பார்த்தால், மைக்ரேனுக்கு ஒரு விருந்தே வைக்கப்பட்டிருந்தது தெரியும். அரைகுறைத் தூக்கம். வெறும் வயிறு. வழக்கமான காப்பி இல்லை. ஈரத்தலை. பிறகு மலைப்பாதை. மைக்ரேன்காரர்களுக்குச் சிறு வயதிலிருந்தே வண்டிப் பயணம் ஒத்துக்கொள்ளாமல் இருப்பது வழக்கம். இரண்டும் ஒரே மூளையின் குணம். 1944ல் திறக்கப்பட்ட முதல் மலைப்பாதையின் வளைவுகள் எத்தனை பேரின் தலைவலிக்குப் பழி சுமந்தனவோ.

தலைக்குக் குளிப்பதால் தலைவலி வரும் என்றால் வெளிநாட்டு மருத்துவர்கள் சிரிப்பார்கள். மும்பையைச் சேர்ந்த தலைவலி நிபுணர் கே. ரவிசங்கர், இப்படிப்பட்ட 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006ல் சர்வதேச மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். நீண்ட கூந்தலை நனைத்து, நெடுநேரம் ஈரமாகவே விட்டு வைக்கும் நம் ஊர்ப் பெண்களின் அனுபவம் அப்போதுதான் மருத்துவ இலக்கியத்துக்குள் நுழைந்தது. வெள்ளிக்கிழமை தோறும் தலைவலி வருவதாகச் சொல்லும் பெண்ணைக் கேலி செய்வதற்கு முன்னால் யோசிக்க வேண்டிய செய்தி.

ஆனால் எல்லாவற்றையும் தூண்டுகோல் என்று ஒதுக்கிக்கொண்டே போனால் வாழ முடியாது. சில சமயம் தூண்டுகோல் என்று தோன்றுவது நோயின் முதல் படியாகவே இருக்கும். கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, இனிப்பு தின்னும் ஆசை ஆகியவை வலிக்குப் பல மணி நேரம் முன்பே தலைகாட்டும். இனிப்பு தின்றதால் தலைவலி வந்தது என்று சொல்பவர், தலைவலி வரப்போவதால் இனிப்பைத் தேடியிருக்கலாம். அதனால்தான் மருத்துவர்கள் குறித்து வைக்கச் சொல்கிறார்கள்: வலி வந்த தேதி, முந்தைய இரவின் தூக்கம், சாப்பாட்டு நேரம், மாதவிலக்கு, எடுத்த மாத்திரை. சமையலறையில் தொங்கும் தினக் காலண்டரே போதும்.

மருந்தின் விஷயத்தில் முதல் விதி சீக்கிரம் சாப்பிடுவது. வலி லேசாக இருக்கும்போதே, குமட்டலை அடக்கும் மருந்தோடு சேர்த்து, போதுமான அளவில் வலி மருந்து. மெட்டோகுளோப்ரமைடு இளம் வயதினரில் சிலருக்குக் கழுத்தையும் தாடையையும் இழுத்துப் பிடிக்கும். பார்ப்பவர்கள் வலிப்பு என்று பயந்துபோவார்கள். ஓர் ஊசியில் சரியாகிவிடும். டோம்பெரிடோனை இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். சாதாரண வலி மருந்துகள் போதாதவர்களுக்காக 1990களின் தொடக்கத்தில் வந்த சுமாட்ரிப்டானை இப்போது இந்திய நிறுவனங்களே தயாரிக்கின்றன. மாத்திரை தங்காதவர்களுக்கு மூக்கில் அடிக்கும் மருந்தாகவும் தோலுக்கடியில் போடும் ஊசியாகவும் அது உண்டு. மாரடைப்பு, கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது. கடைகளில் கேட்டவுடன் கிடைத்துவந்த பழைய எர்காட்டமைன் கலவை மாத்திரைகளைப் பற்றி எச்சரிக்கை தேவை. அவை தாங்களே குமட்டலை உண்டாக்கக்கூடியவை. வாந்திக்காரருக்கு வாந்தி மருந்து கொடுத்த கதை.

இரண்டாவது விதி, அளவு. கலவை மாத்திரைகளையோ ட்ரிப்டானையோ மாதத்தில் 10 நாட்களுக்கும், வெறும் பாரசிட்டமாலை 15 நாட்களுக்கும் மேல் மூன்று மாதத்துக்கு எடுத்தால் மாத்திரையே தினசரித் தலைவலியை வளர்க்கும். அந்த எல்லையை நெருங்குபவர்களுக்கும், மாதம் நாலைந்து முறை படுத்துவிடுபவர்களுக்கும் தினமும் சாப்பிடும் தடுப்பு மருந்து வேண்டும். ப்ரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், புளூனரிசின், டோபிரமேட் எல்லாம் பழகிய மருந்துகள். பலன் தெரிய இரண்டு மாதம்வரை ஆகும். இரண்டாவது வாரத்திலேயே நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். ஆஸ்துமா இருந்தால் ப்ரோப்ரனலால் கூடாது. கர்ப்பமாக வாய்ப்புள்ள பெண்களுக்கு வால்ப்ரோயேட் கூடாது, கருவுக்குக் கேடு. கண்முன் வளைவு வளைவாக ஒளிக்கோடுகள் தோன்றிய பிறகு வலி வரும் பெண்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைத் தொடுவதற்கு முன் மருத்துவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். பக்கவாத அபாயம் கூடுகிறது.

மைக்ரேனில் சி.ஜி.ஆர்.பி.யின் பங்கைக் கண்டறிந்து பின்தொடர்ந்த நான்கு விஞ்ஞானிகளுக்கு 2021ல் டென்மார்க்கின் மூளைப் பரிசு கிடைத்தது. அந்தப் புரதத்துணுக்கின் வழியை அடைக்கும் முதல் ஊசி மருந்துக்கு அமெரிக்கா 2018ல் அனுமதி தந்தது. சித்தூர் ஆசிரியைகளின் சம்பளத்துக்கு இந்தப் புதுவகை ஊசிகள் இன்னும் எட்டாத தூரம். நல்ல வேளையாக, பலருக்கும் அவை இல்லாமலே காரியம் நடக்கிறது.

எல்லா வாந்தித் தலைவலியும் மைக்ரேன் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். இடி விழுந்தாற்போல் ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், வலிப்பு, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போய் விடிகாலையில் வாந்தியோடு எழுப்பும் வலி, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வலி, பிரசவத்தை ஒட்டி வரும் கடும் வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் எலுமிச்சம்பழத்தோடு காத்திருக்கக் கூடாது. அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆசிரியைக்கு விடை கிடைத்தது தற்செயலாக. மகளுக்கு ஏழு வயதில் அடிக்கடி வாந்தி, வெளிச்சத்தைக் கண்டால் அழுகை, தூங்கி எழுந்தால் விளையாட்டு. திருப்பதியில் குழந்தையைப் பார்த்த மருத்துவர், தாய்க்கு இப்படி உண்டா என்று கேட்டார். மைக்ரேன் குடும்பத்தில் இறங்கும் நோய். ஒரே சீட்டில் இரண்டு பேருக்கும் வைத்தியம் தொடங்கியது.

சென்ற புரட்டாசியில் அவர் வெள்ளிக்கிழமை மதியமே தலைக்குக் குளித்து வெயிலில் காயவைத்துவிட்டார். சனிக்கிழமை விடிகாலையில் இரண்டு இட்லியும் காப்பியும் சாப்பிட்டார். மாமியார் முகம் சுளித்தாலும் ஒன்றும் சொல்லவில்லை. சந்திரகிரி அருகே கொட்டாவி வரத் தொடங்கியதும், டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த இரண்டு மாத்திரைகளையும் விழுங்கினார். மலையில் ஒரு முறை குமட்டியது. வாந்தி இல்லை. தரிசன வரிசையில் ஐந்து மணி நேரம் நின்றார். மறுநாள் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றிப் பென்சிலால் பாதி வட்டம் போட்டு வைத்தார். முழு வட்டம் படுத்துவிட்ட நாளுக்கு. அந்த மாதத்தில் முழு வட்டம் ஒன்றுதான்.